எங்கள் ஊர் நல்ல கள்ளன்

சேசுநாதர் வாயைத் திறக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை, உச்சி சாய்ந்த நேரம். எங்கள் செம்பாறைப்பட்டிக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. நனைத்த சாக்குகளை விரித்து அதன்மேல் ஊரே நிற்கிறது. பாறை உச்சியில் மூன்று சிலுவைகள். நடுச் சிலுவையில் சேசுநாதர் வேஷத்தில் கடலை வியாபாரி அந்தோணிசாமி. இடப்பக்கம் கெட்ட கள்ளனாக, வெளியூரிலிருந்து பிடித்து வந்த ஒரு மேளக்காரர். வலப்பக்கம் நல்ல கள்ளனாக என் வீட்டுக்காரர் சவரிமுத்து.

நல்ல கள்ளன் தன் வசனத்தைச் சொல்லிவிட்டார். "ஆண்டவரே, நீர் உம்முடைய ராச்சியம் போய்ச் சேரும்போது இந்தப் பாவியை மறந்துவிடாதேயும்." இதற்குச் சேசுநாதர் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கே நீ என்னோடு மோட்சத்தில் இருப்பாய் என்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் சொல்கிற வசனம்தான். பால்குடிப் பிள்ளையைத் தவிர ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்தோணிசாமி சொல்லவில்லை. தலையை மெதுவாகத் திருப்பி இடப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

சிலுவையடியில் வசனம் எடுத்துக் கொடுக்க நின்ற கோயில் உபதேசியார், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "இன்றைக்கே... இன்றைக்கே..." என்று கிசுகிசுத்தார். மேலே தொங்கியவர் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! இத்தனை வயசாகியும் அதை எழுத உட்கார்ந்தால் பேனா தாளைக் கிழிக்கிறது. போன வாரம் இந்தப் பத்திரிகையில் வந்த என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் ரொம்பக் கோபக்காரி போலிருக்கிறதே" என்று எழுதியிருந்தார். ஆமாம் தாயே, கோபக்காரிதான். ஏன் என்று இந்த வாரம் படித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு ஒரு வேஷம்

இந்தச் சிலுவைப் பாடு எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது ராஜா காலத்து வேண்டுதல். என் மாமனார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் வாந்திபேதி வந்து, புதைக்க ஆள் இல்லாமல் போயிற்றாம். மிச்சமிருந்தவர்கள் மாதா கோயில் வாசலில் விழுந்து, பெரிய வெள்ளிதோறும் பாறையில் மூன்று சிலுவை நட்டு ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டுகிறோம், ஒரு சிலுவை குறைந்தாலும் பழி எங்கள் தலையில் என்று வேண்டிக்கொண்டார்கள். நோய் நின்றது. வேண்டுதல் மட்டும் தங்கிவிட்டது, ஊரின் கழுத்தில் கயிறாக.

வேஷங்களை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். பிலாத்து வீடு என்று ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவரை "பிலாத்து மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவோம். மாதா வீட்டில் மீசையை மழித்துவிட்டு ஓர் ஆம்பளைதான் மாதாவாக அழுவார். யூதாசு வீட்டுக்காரர்கள்கூடத் தங்கள் வேஷத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். காட்டிக்கொடுத்தவன்தான், ஆனாலும் அப்போஸ்தலர் வரிசையில் வருகிறாரே!

கள்ளர் இருவருக்கு மட்டும் வீடு கிடையாது. கள்ளன் வேஷம் கட்டினால் வருஷம் முழுக்க "ஏய் கள்ளா" என்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயம். அதனால் கள்ளர்களை மட்டும் வெளியூரிலிருந்து கூலிக்குப் பிடித்து வருவார்கள். அன்னவாசல் பக்கம் ஒரு கூத்துக் குழு இருந்தது. மாரியம்மன் கும்பிடுகிற ஆட்கள். எங்கள் வசனத்தை மனப்பாடம் பண்ணி, நன்றாகவே தொங்குவார்கள். ஒரு வருஷம் நல்ல கள்ளனாக வந்தவர் கள்ளுக்கடை வழியாக வந்திருக்கிறார். இன்றைக்கே நீ என்னோடு மோட்சத்தில் இருப்பாய் என்று சேசுநாதர் சொன்னதும், அந்த மனுஷன் சிலுவையில் தொங்கிக்கொண்டே, "சரிங்க மொதலாளி" என்றார். பெரிய வெள்ளியன்று சிரித்த பாவத்தை எத்தனை பேர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய்ச் சாமியாரிடம் சொன்னார்களோ தெரியாது. நான் சொன்னேன்.

சேசு வீடு அந்தோணிசாமியுடையது. எனக்கு மாமா முறை. ஊரில் பெரிய மச்சுவீடு. பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தவசு காலம் தொடங்கினால் மனுஷன் கறி தொட மாட்டார், எண்ணெய் தேய்க்க மாட்டார், தாடி வளர்ப்பார். தெருவில் நடந்தால் பொம்பளைகள் ஒதுங்கி நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைகளை அவர் கையால் தொடச் சொல்லித் தூக்கிக்கொண்டு போவார்கள். அதே கையால்தான் அவர் தராசு பிடித்தார். எங்கள் கடலை மூட்டை அவர் தராசில் ஏறியதும் எப்படி இளைத்துப்போகும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் சேசு வீடு! எவன் கேட்பது?

மாதா கழுத்துச் சங்கிலி

இப்போது என் வீட்டுக்காரர் கதை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் திருடினார்.

மாதா திருநாளுக்குச் சுரூபத்தை அலங்காரம் பண்ணுகிற பொறுப்பு அவருடையது. பூ வைப்பது, பட்டுச் சாத்துவது, சப்பரம் கட்டுவது எல்லாம் அவர் கைதான். நல்ல கைவாகு. மாதாவுக்குச் சேலை மடிப்பு வைப்பதைப் பார்த்தால், எனக்கு ஒருநாளும் இப்படிப் பார்த்து ஒரு சேலை எடுத்துத் தரவில்லையே என்று பொறாமையாக இருக்கும். ஒரு திருநாள் முடிந்து அலங்காரம் கலைக்கும்போது, பெண்கள் காணிக்கை சேர்த்துப் போட்ட தங்கச் சங்கிலியை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பசிக்குத் திருடினார், பிள்ளை வைத்தியத்துக்குத் திருடினார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நீங்களும் உச்சுக்கொட்டுவீர்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. சீட்டாட்டம். புதுக்கோட்டையில் லாரி ஆட்களோடு உட்கார்ந்து ஆடுவார். அதில் விட்டதைப் பிடிக்கப் போய், மாதா கழுத்தில் கை வைத்தார்.

சங்கிலியோடு பிடிபட்டார். போலீஸ்காரர் முன்னால் நடக்க, ஊர் பின்னால் நடக்க, என் வாசல் வழியாகத்தான் அழைத்துப் போனார்கள். என் இடுப்பில் மகள். அவளுக்கு அப்போது பேச்சுகூடச் சரியாக வராது. பிறகு பேச்சு வந்ததும் தெருப் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பேர், "கள்ளன் மக".

அவர் திருச்சி ஜெயிலில் இருந்த காலத்தில் எனக்கு ஊரில் கடலை உடைக்கிற வேலைகூடத் தரவில்லை. அன்னவாசல் சந்தைக்குப் புளி சுமந்து போய் விற்றுத்தான் கஞ்சி குடித்தோம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடப்பேன். சுமை கனக்கவில்லை என்பது அந்தத் திட்டில் கண்ட ஒரே நன்மை.

தண்டனை முடிந்து திரும்பி வந்தார். ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. கோயில் ஊருக்கு மேற்கே பஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது, அங்கே வரலாம். தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ரோட்டோரம் சுண்ணாம்புக் காளவாசல் ஒன்று உண்டு. அந்தக் கொட்டகையில் படுத்துக்கொண்டு மூட்டை தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முழங்காலில் நிற்பார். நான் உள்ளே போகும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

நான் அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஊர் தடுத்ததனால் அல்ல. எனக்கு மனசு வரவில்லை. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. பட்டவள் நான்.

"அநியாயம், சாமி!"

ஒரு தவசு காலத்தில் அவர் எங்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினார். அடுத்த ஞாயிறு, நன்மை அப்பம் வாங்குகிற கம்பியருகே வந்து எல்லாரோடும் முழங்காலில் நின்றார். சாமியார் அவர் நாவில் நன்மை கொடுத்தார். பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர்கள் தீயை மிதித்ததுபோல எழுந்து நகர்ந்தார்கள்.

பூசை முடிந்ததும் ஆம்பளைகள் சாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனுக்கு என்ன அபராதம் கொடுத்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். முள்முடி வைத்து வாசலில் நிறுத்தினீர்களா, பாறையைச் சுற்றி முழங்காலில் வரச் சொன்னீர்களா? என்ன ஆசை பாருங்கள்! மாதா சங்கிலி திரும்பி வந்தாயிற்று, ஆள் ஜெயிலுக்கும் போய் வந்தாயிற்று. இவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் பார்க்க வேண்டும். தொட்டியில் நடந்ததை வெளியே சொல்ல முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அதற்கு அந்தோணி மாமா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தொட்டி ஒங்க அதிகாரம் சாமி. தெருவு எங்க அதிகாரம்."

சாமியார் என்ன செய்வார்? எங்கள் ஊர்போல இன்னும் பல ஊர்களை ஒற்றைச் சைக்கிளில் சுற்றுகிற மனுஷன். தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

நானும் விடவில்லை. மத்தியானம் தனியாகப் போனேன், சண்டை போடத்தான். கோயில் பக்கத்து அறை வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி. எங்க வீட்டுக்காரவுகளுக்கு மன்னிப்புக் குடுத்திட்டீங்களாமே?"

"நான் குடுக்கலம்மா ராக்கினி. குடுத்தது ஆண்டவரு."

"யாரு குடுத்தா என்ன சாமி? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? மாதா சங்கிலி திரும்பி வந்திருச்சு. எம் பொழப்பு வந்துச்சா? எம் மகளக் கள்ளன் மகன்னு கூப்புடுறாகளே, அது போச்சா?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒங்கிட்ட கேக்க வேண்டியது அவன் வேலை. கேக்கச் சொல்லியிருக்கேன். பயந்துக்கிட்டு நிக்கிறான்."

"ரெண்டு சொட்டுக் கண்ணீரு விட்டாக, ஆண்டவரும் ஒடனே சரின்னுட்டாரு. இது அநியாயம் சாமி!"

"அநியாயந்தான்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுத்துப் பேசுவார், ஞானோபதேசம் சொல்வார், நாமும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனவள் நான்.

"நெசமாத்தான் சொல்றேன். நியாயம் பாத்தா, இந்த அங்கி போட்டிருக்கிற எனக்கே அங்கிட்டு எடம் கெடைக்காது. நியாயம் வேணும்னா திருமயம் கோர்ட்டுக்குப் போம்மா. கோயில்ல அது கெடைக்காது. இங்க கெடைக்கிறது வேற."

கோபம் தலைக்கேறி வீட்டுக்கு வந்தேன். ஊர்மேல் கோபம், அவர்மேல் கோபம், இப்போது ஆண்டவர்மேலும் கோபம். அன்றைக்கு அரைத்த துவையலில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. மகள்தான் பாவம், முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாள்.

கள்ளனுக்கு வந்த பஞ்சம்

குருத்து ஞாயிறன்று கோயில் வாசலில் ஊர்க் கூட்டம். பெரிய வெள்ளிக்கு இன்னும் சில நாள்தான். அந்தோணி மாமா தாடியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆம்பளைகள் தரையில், பொம்பளைகள் சுவரோரம்.

சேதி என்னவென்றால், கள்ளர்கள் வரவில்லை. கூத்துக்காரர்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. அவர்கள் சாமி அவர்களுக்கு. எப்படியோ ஒரு மேளக்காரரைப் பிடித்து இடப்பக்கத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்கள். நல்ல கள்ளனுக்கு ஆள் இல்லை.

"கள்ளன் இல்லாம எப்புடி? வேண்டுதல் கெட்டுப் போகும்ல?"

"போன தடவ நோவு வந்தப்ப எத்தனை பொணம்! ஒரு சிலுவை கொறையக் கூடாதுய்யா."

"கள்ளனுக்கு இப்ப எங்கிட்டுப் போறது?"

இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள் என்று தெரியாது. பதில் சொன்னது நான். சுவரோரம் இருந்து வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஏன், நம்ம ஊரு கள்ளன் ஒருத்தரு காளவாசல்ல சும்மாதானே கெடக்காரு? வெளியூர்லயா போயித் தேடணும்?"

குத்திக்காட்டத்தான் சொன்னேன். அந்த மனுஷனுக்குப் பரிந்துகொண்டு சொல்லவில்லை. எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு அந்தோணி மாமா தாடியை நீவிக்கொண்டு சொன்னார் பாருங்கள்:

"நெசக் கள்ளனை சேசுநாதர் பக்கத்துல தொங்க விடுறதா? அடுக்குமா இது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "மாமா, அன்னைக்கு அவரு பக்கத்துல தொங்குனது யாரு? உபதேசியாரா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். உபதேசியார் பாவம், நெளிந்தார். வாழ்நாளில் ஓர் எறும்பை மிதித்திராத மனுஷன் அவர். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, கோயில் மணி அடிப்பது, ஊர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது, இதுதான் அவர் சீவியம்.

"பொட்டச்சிக்கு சபையில என்ன பேச்சு?" என்றார் மாமா.

"பொட்டச்சி பேசலைங்க மாமா. ஒங்களுக்குக் கள்ளன் வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

வேண்டும். பயம் அப்படி. வெகுநேரம் முணுமுணுத்து, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். எப்படி? சவரிமுத்து தெரு வழியாக வரக் கூடாது. பாறைக்குப் பின்பக்கம் முள்ளுக்காட்டு வழியாக ஏறி வரணும். தொங்கணும். வசனம் சொல்லணும். முடிந்ததும் வந்த வழியே இறங்கிக் காளவாசலுக்குப் போய்விட வேண்டும். ஊருக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டான், சவரிமுத்து தேவைப்படவில்லை. கேட்டீர்களா அநியாயத்தை?

உபதேசியார் போய் அவரிடம் சொன்னாராம். அவர் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வசனம் எனக்குச் சொல்வாங்களா? எம் மொகத்தப் பாத்துச் சொல்வாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். உபதேசியார் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது நான் அடுப்பை ஊதுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு மனுஷனுக்கு அந்த வசனம் எத்தனை பெரியதாகிவிட்டது பாருங்கள். தொட்டிக்குள் சாமியார் சொன்னது யாருக்கும் கேட்காது. பாறைமேல் சொல்வது ஊருக்கே கேட்கும். அதைக் கேட்டால் ஊர் மனசு இளகும், தெருவுக்குள் விடுவார்கள், வீடு வந்து சேரலாம் என்று நினைத்திருக்கிறார்.

பாறை மேல்

இப்போது பாறைக்கு வருகிறேன்.

சேசுநாதர் வாயை இறுக்கிக்கொண்டார் என்று சொன்னேன் அல்லவா? என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை சொன்னார். இந்தத் தடவை கூத்து ராகம் இல்லை. "ஆண்டவரே, இந்தப் பாவிய மறந்துடாதேயும்." குரல் உடைந்துவிட்டது. வியர்வை கண்ணில் வழிகிறது, கையைக் கயிற்றால் கட்டியிருப்பதால் துடைக்க முடியவில்லை.

பதில் இல்லை. கூட்டத்தில் சலசலப்பு. சாமியார் ஓரத்தில் குடை நிழலில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை இடித்து முன்னால் போனேன். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"மாமா! வசனம் மறந்துபோச்சா, இல்ல மனசு வரலையா? சொல்லுங்க மாமா! கூலிக்கு வந்த குடிகாரனுக்குச் சொன்னீங்கள்ல? பேரு ஊரு தெரியாதவனுக்கெல்லாம் வருஷா வருஷம் மோட்சத்தத் தூக்கிக் குடுத்தீங்கள்ல? அழுதுக்கிட்டுக் கேக்குறவுகளுக்குச் சொல்ல மட்டும் வாய் வலிக்குதா?"

சிலுவையிலிருந்து அந்தோணி மாமா என்னைக் குனிந்து பார்த்தார். தலையில் முள்முடி, நெற்றியில் குங்குமத்தைக் குழைத்துப் பூசிய ரத்தம். பிறகு நிமிர்ந்து, பாறை முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார்.

"கள்ளனுக்கு மோட்சம் கெடையாது!"

இதை யார் வாயால் கேட்டோம், எந்த நாளில், எந்த இடத்திலிருந்து கேட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். சேசுநாதர் சிலுவையில் இருந்துகொண்டு சொல்கிறார். மாதா வேஷம் போட்டவர் அழுகிற வசனத்தை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் தலை மார்பில் தொங்கிவிட்டது. நடிப்பில்லை.

அப்போது சிலுவையடியில் யாரோ விசும்புகிற சத்தம். உபதேசியார். ஊர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற அதே உபதேசியார், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"மாமா," என்றார் மேலே பார்த்து, "அவனுக்கு இல்லேன்னா எனக்கு எங்கிட்டு மாமா இருக்கு?"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் செஞ்சிருக்கேன் மாமா. அது ஒங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்குறதாலதான் நான் கீழ நிக்கிறேன், அவன் மேல தொங்குறான். அவனுக்குக் கெடையாதுன்னு நீங்க சொல்லிப்பிட்டா, நான் யாரு வாசல்ல போயி நிக்கிறது?"

அந்த மனுஷன் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிலாத்து வீட்டுப் பெரியவர் மார்பில் அடித்துக்கொண்டார். தெருவில் என்னைப் பார்த்தால் முந்தானையை ஒதுக்குகிற பொம்பளை ஒருத்தி ஓவென்று அழுதாள்.

உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டார். நடுச் சிலுவையை விட்டு வலப்பக்கச் சிலுவைக்கு வந்தார். இதுவரை ரகசியமாக எடுத்துக் கொடுத்தே பழகிய வாயால், உரக்க, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சவரிமுத்து! இன்றைக்கே நீ என்னோடு மோட்சத்தில் இருப்பாய். ஆண்டவர் சொல்றாரு. இன்றைக்கே!"

"ஆமென்" என்று சாமியார்தான் முதலில் சொன்னார். பிறகு பாறை முழுக்க ஆமென். அந்தோணி மாமா சொன்னாரா, நான் பார்க்கவில்லை. மிச்ச வசனங்களை அவசர அவசரமாகச் சொல்லித் தலையைச் சாய்த்தார். பெரிய வெள்ளிக்கென்று இருக்கும் மரக் கட்டைமணி அடித்தது.

கயிறு

சிலுவையிலிருந்து இறக்குவதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம். அவரவர் வீட்டார்தான் அவரவர் ஆளை அவிழ்த்து இறக்க வேண்டும். இறக்கி, கயிறு பதிந்த இடத்தில் எண்ணெய் தடவி, கஞ்சி கொடுத்து அழைத்துப் போவார்கள். கூலிக்கு வந்த கள்ளர்களைக் கடைசியில் யாராவது ஒரு ஆள் அவிழ்த்துவிடுவான்.

அந்தோணி மாமாவுக்கு மகன்கள் ஏணி வைத்து, அலுங்காமல் குலுங்காமல் இறக்கினார்கள். மேளக்காரரை அவருடைய தம்பி வந்து இறக்கிக்கொண்டான். என் வீட்டுக்காரர் பக்கம் யாரும் வரவில்லை. கூட்டம் கலையவுமில்லை. ஆமென் சொன்ன அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாயால் ஆமென் சொல்வது சுலபம், ஏணி ஏறுவது கஷ்டம் போலிருக்கிறது. உபதேசியார் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"நீங்க இருங்க உபதேசியாரே," என்றேன். "எங்க வீட்டு ஆளு."

மகளை அவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கட்டியவன் பாவி, வேண்டுமென்றே இறுக்கிக் கட்டியிருக்கிறான். நார்க்கயிறு சதைக்குள் இறங்கிக் கிடந்தது. விரலுக்கு முடிச்சு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். அவர் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் இருந்தேன். சுண்ணாம்பு வாடை அடித்தது.

"ராக்கினி," என்றார், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "நீ மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அடுத்த கைக்கு ஏணியை மாற்றினேன்.

"அப்பறம் எதுக்கு ஏறி வந்தே?"

"மன்னிச்சாத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எவன் சொன்னான்? எறங்குங்க. கால ஊனிப் பாத்து எறங்குங்க."

இறங்கினார். கால் மரத்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உபதேசியார் கையிலிருந்த மகள், யாரோ வேற்றாள் என்று அவரை முறைத்துப் பார்த்தாள். அவர் பழக்கம் மாறாமல் பாறையின் பின்பக்கம், முள்ளுக்காட்டை நோக்கித் திரும்பினார்.

"அங்கிட்டு எங்க போறீங்க?"

"அந்த வழியாத்தானே போகச் சொல்லியிருக்காங்க."

"அவுக சொன்னாக. நான் சொன்னேனா? இங்கிட்டு வாங்க, தெருவு வழியா."

கூட்டம் வழி விட்டது. அந்தோணி மாமா எண்ணெய் தடவிய கையோடு நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கு அவருக்கு உண்மையான சிலுவை என் வாயால் கிடைத்திருக்கும். பேசவில்லை.

கோயிலைத் தாண்டி, தெரு முனைக்கு வந்ததும் அவர் கால்கள் நின்றுவிட்டன. "ஒனக்கு எம்மேல கோவம் போகலையே ராக்கினி. எந்த மொகத்தோட உள்ள வாரது?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தெருவென்றும் பார்க்கவில்லை, பெரிய வெள்ளியென்றும் பார்க்கவில்லை.

"கோவம் எங்கிட்டும் போகாது. அது அந்த வீட்டுலதான் இருக்கும். நீங்களும் வந்து இருங்க."